ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன் அம்மா

குனுனுரா
ஜூன் 14, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஷெட் வாசலில் நின்றபடியே பிரித்துவிட்டேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். ‘ரெண்டரை மணி நேரம்தானே வித்தியாசம், போன் எடுக்க என்ன’ என்ற வரியை மட்டும் அன்றைக்கு நாலு தடவை படித்தேன். இரண்டு மாசமாகச் சரியாகப் பேசாதது என் தப்புதான். காலை ஐந்து மணிக்கு வேலை, மதியத்துக்கு மேல் வந்து படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம், நீ கூப்பிடுகிற நேரத்தில் அசந்திருப்பேன். வேறு ஒன்றும் இல்லை. பேசினால் அரை நிமிஷத்தில் ‘என்ன கண்ணு, குரல் ஒரு மாதிரி இருக்கு’ என்பாய், அதற்கு எனக்குப் பதில் சொல்ல வராது. எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஆயாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. அணை விஷயம் வரும் இடத்தை மட்டும் மெதுவாகப் படி.

முதலில் குளிர். ஸ்வெட்டர் போடு போடு என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குளிரெல்லாம் ஆஸ்திரேலியாவின் தெற்குப் பக்கம் அம்மா. நான் இருப்பது வடமேற்கு மூலை, கிம்பர்லி என்று பெயர். இங்கே வருஷத்துக்கு இரண்டே காலம், மழைக்காலமும் காய்ந்த காலமும். இப்போது காய்ந்த காலம். பகலில் நம் ஊர் தை மாசத்து வெயில், விடியற்காலையில் மட்டும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும். நவம்பரில்தான் கஷ்டமாம், மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம் ஆளையே வாட்டிவிடுமாம். ஊர் சின்னது. பெரிய ஊர் என்று பார்த்தால் நான் படித்த டார்வின்தான், ரோடு வழியாக 800 கிலோமீட்டருக்கு மேல். மாநிலத் தலைநகர் பெர்த் 3,000 கிலோமீட்டரையும் தாண்டி இருக்கிறது. மேச்சேரி மாமாவிடம் சொல், மேட்டூரில் இருந்து டெல்லிக்குப் போவதைவிட அதிக தூரம், அவ்வளவும் ஒரே மாநிலத்துக்குள்.

அப்புறம் சாப்பாடு. அதில் குறையே இல்லை. நான் இருக்கும் வீட்டில் நாங்கள் ஐந்து பேர், ஒரே அடுப்பு, அதனால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ரசம் வைத்து ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துக்கொள்வேன். கிர்ணிப்பழமும் தர்பூசணியும் பரங்கிக்காயும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவதுதான் ஷெட்டில் என் வேலை. உடைந்த பழத்தை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். ராத்திரிக்குப் பல நாள் அதுவே போதுமாக இருக்கிறது, வயிற்றுக்கும் நல்லது. அப்பா கேட்டாராமே, படித்த வேலை என்ன ஆயிற்று என்று. இந்த மாதிரி தூரத்து ஊரில் வேலை பார்த்தால் விசாவுக்கு நல்லது, அதற்காகத்தான் வந்தேன். கம்ப்யூட்டர் வேலைக்கும் எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காரை டார்வினிலேயே விற்றுவிட்டேன். இங்கே எல்லாம் நடந்து போகிற தூரம், கார் வைத்திருந்தால் இன்சூரன்ஸ் அது இது என்று தண்டச் செலவு.

இன்னொரு சங்கதி. பின் தெருவில் ஒரு வீட்டு வேலியோரம் முருங்கை மரம் நிற்கிறது. நிறையக் காய். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது என்ன மரம் என்றே தெரியவில்லை. கேட்டதும் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீடு முழுக்க முருங்கைக்காய்க் குழம்பு வாசனை. சாப்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போன கடிதத்தில் இரண்டு வரிதான் எழுதினேன், இல்லையா? எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். செருப்பே போட மாட்டார், பாதம் நம் ஊர் உழவர் பாதம் மாதிரி வெடித்துக் கிடக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் கதவைத் தட்டி, ‘இன்றைக்கு எத்தனை பழம்’ என்று கேட்பார். நான் ஏதாவது ஒரு கணக்கு சொன்னால், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் பேச்சு. வந்த புதிதில் எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு நாள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். டார்வினில் இருந்து பஸ்ஸில் வந்தபோது மாநில எல்லையில் பை எல்லாம் சோதித்து நான் வைத்திருந்த ஆறு எலுமிச்சம்பழத்தையும் வாங்கிக்கொண்டார்கள், பூச்சி நோய் வந்துவிடக் கூடாது என்று பழம், காய், தேன் எதையுமே விடுவதில்லை. அதை எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறேன் போல. எண்ணி ஆறு பழம் கொண்டுவந்தார் அம்மா.

அவர் வீட்டு ஃபிரிட்ஜின் பக்கவாட்டில், மேலிருந்து கீழ் வரைக்கும் பென்சிலால் எண்களாக எழுதியிருக்கிறார். பொடி எழுத்து, வரிசை வரிசையாக. முதலில் ஏதோ கடன் கணக்கு என்று நினைத்தேன். கேட்டதற்கு, ஏரியின் தண்ணீர் மட்டம் என்றார். தினமும் பார்த்து எழுதுகிறாராம். எதற்கு என்று கேட்டேன். ‘தெரிந்திருக்க வேண்டாமா?’ என்றார்.

எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். காலையில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, ‘மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம்’ என்று சொல்லும்வரை தாத்தா காபியைத் தொட மாட்டாரே. நாம் யாராவது குறுக்கே பேசினால் கையைத் தூக்குவார். அந்தக் கை எனக்கு அப்படியே கண் முன்னால் வந்தது. என் தாத்தாவும் இப்படித்தான் என்று பெரியவரிடம் சொன்னேன். மறுநாள் ஆறு மணிக்குக் கதவைத் தட்டியவர் பழக் கணக்கு கேட்கவில்லை, ‘ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறோம்’ என்றார்.

இன்றைக்குப் போய்விட்டு வந்தேன். ஆர்கைல் ஏரி என்று பெயர். ஆஸ்திரேலியாவில் மனுஷர் கட்டின ஏரிகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. குனுனுராவில் இருந்து 70 கிலோமீட்டர். பாதி தூரம் நெடுஞ்சாலை, பாதி தூரம் செம்மலைகளுக்கு நடுவே வளைந்து போகிற ரோடு. வழியெல்லாம் ஆள் இல்லை, வீடு இல்லை, மஞ்சள் புல்லும் போவாப் மரமும்தான். அந்த மரத்துக்கு அடி பானை வயிறு மாதிரி உப்பியிருக்கும், இந்தக் காலத்தில் இலையெல்லாம் கொட்டிப்போய், மேலே நாலு கிளை விரல் விரித்தாற்போல் நிற்கும். எதிரே ஒரு பெரிய லாரி வந்தது, பின்னால் மூன்று பெட்டி கோத்து, ரயில் மாதிரி. அதை ரோடு ட்ரெயின் என்றே சொல்கிறார்கள், ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அது கடந்து போகும்வரை பெரியவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

அணையைப் பார்த்ததும் எனக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. மேட்டூர் அணையைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா, கிட்டத்தட்ட ஒரு மைல் நீளச் சுவர் அது. இது வெறும் 335 மீட்டர். இரண்டு மலைக்கு நடுவே ஒரு கதவு போட்ட மாதிரி இருக்கிறது. சிமெண்டுச் சுவர்கூட இல்லை. நடுவில் களிமண், இரு பக்கமும் பாறையைக் கொட்டி 98 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். ஆர்டு ஆறு சரியாக அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் அவ்வளவு சின்னச் சுவரே போதுமானதாக இருந்திருக்கிறது. 1971-இல் கட்டி முடித்து, 1972-இல் திறந்தார்கள். அப்புறம் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அம்மா, கரையே தெரியவில்லை. நீலமாகத் தண்ணீர், நடுவில் செம்மலைகளின் உச்சி மட்டும் தீவு தீவாக, தூரத்தில் வானமும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு. நிரம்பினால் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். அப்பாவுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். மேட்டூர் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இது 380 டி.எம்.சி. நாலு மேட்டூர்.

இவ்வளவு தண்ணீரும் பருத்திக்காகத்தான் முதலில் தேக்க நினைத்தார்கள், இதை அப்பாவிடம் கட்டாயம் சொல். 1963-இல் குனுனுரா பக்கத்தில் சின்னதாக ஒரு தடுப்பணை கட்டி வாய்க்கால் வெட்டிப் பருத்தி போட்டார்கள். காய்ப்புழு வந்தது. டி.டி.டி. அடித்தார்கள், அடிக்க அடிக்கப் புழு மருந்துக்குப் பழகிக்கொண்டது. பெரிய அணையும் வந்து ஏரியும் ததும்புகிற நேரத்தில், 1974-இல், பருத்தியைக் கைவிட்டுவிட்டார்கள். நம் மேட்டுக்காட்டில் அப்பா மூன்றாவது தடவை மருந்தடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாரே, அந்த வருஷம் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் நான் அடுக்குகிற பழங்களும், மாம்பழமும், சந்தன மரமும் வளர்கின்றன. ஆமாம், சந்தன மரம். வரிசையாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள், அதுவும் நம் இந்தியச் சந்தனம்.

பெரியவரிடம் ஒரு தகரப் படகு உண்டு. அதை இறக்கி என்னையும் ஏற்றிக்கொண்டார். பயப்படாதே, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டேன். முதலை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன், 25,000-க்கு மேல் என்று சொல்கிறார்கள். ஆனால் இது நன்னீர் முதலை, மூக்கு ஒல்லியாக நீண்டிருக்கும், மனுஷரைக் கண்டால் விலகிவிடும். இந்த ஏரியில் வருஷா வருஷம் மே மாசம் 20 கிலோமீட்டர் நீச்சல் போட்டியே நடத்துகிறார்கள். ஆளைக் கொல்கிற பெரிய ஜாதி அணைக்குக் கீழே, ஆற்றின் அடிப்பக்கம்தான். பாறை மேல் ஒன்று வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன், ஒரு மூங்கில் கூடையின் நீளம்தான் இருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் தண்ணீருக்குள்ளே பட்ட மரங்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் உயிரோடு மூழ்கியவை, இன்னும் விழாமல் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. கிளை நுனியில் நீர்க்காக்கை உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. பெரியவர் அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டார். ஒரு சத்தம் இல்லை. மீன் தேடுவதற்காகப் படகில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார், அடியில் எத்தனை ஆழம் என்று அது எண்ணில் காட்டும். அந்த எண்ணைக் காட்டிவிட்டு, ‘இதெல்லாம் மேய்ச்சல் காடு’ என்றார்.

ஆர்கைல் டவுன்ஸ் என்று ஒரு மாட்டுப் பண்ணை. டூராக் என்ற குடும்பம் 1883-இல் குவீன்ஸ்லாந்தில் இருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டு, கண்டத்தையே குறுக்கே நடந்து 1885-இல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர்களுடைய கல் வீட்டைப் பிரித்து, கல்லுக்குக் கல் எண் போட்டு, மேட்டில் கொண்டுவந்து வைத்து, 1979-இல் மறுபடி கட்டி மியூசியமாகத் திறந்தார்கள். திரும்பும்போது அதைப் பார்த்தேன். தண்ணீர் ஏற ஏற மலை உச்சிகளில் சிக்கிய விலங்குகளைக்கூடப் படகில் போய்ப் பிடித்துக் கரை சேர்த்தார்களாம்.

ஆனால் அந்த நிலம் டூராக் குடும்பத்துக்கு முன்னால் மிரியூவுங், கஜெராங் என்ற ஆதிக்குடி மக்களுடையது, ஆயிரம் ஆயிரம் வருஷமாக. அவர்களுடைய நிலமும், சடங்கு செய்த இடங்களும், முன்னோர்களின் இடங்களும் எல்லாம் அடியில் போய்விட்டன. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசாங்கம் அவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது 2005-இல்தான். ஒரு வீட்டுக் கல்லுக்கெல்லாம் எண் போட்டு எடுத்து வைத்தவர்கள் இதை எப்படி அம்மா விட்டார்கள்? ஷெட்டில் என்னோடு அந்தச் சனத்துப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். ஏரிக்குப் போகிறேன் என்று வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன். ‘எங்க பாட்டியோட ஊர் அங்கே இருக்கு’ என்றாள். இருந்தது என்று சொல்லவில்லை. இருக்கு என்றாள்.

அதைத்தான் படகில் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் கையை விட்டேன், மேலே வெதுவெதுப்பாக இருந்தது, முழங்கை வரை விட்டதும் ஜில்லென்று ஆனது. நான் மூன்றாவது படித்த வருஷம் மேட்டூர் வற்றியதே, தாத்தா என்னைப் பண்ணவாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் வெளியே தெரிகிற ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியைப் பார்க்க ஓடினார்கள். தாத்தா அந்தப் பக்கமே திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெடித்த சேற்றில் நடந்து நடந்து, ஒரு இடத்தில் நின்று, ‘இதான் நம்ம வாசல்’ என்றார். அங்கே ஒன்றுமே இல்லை. பாதி புதைந்த ஒரு ஆட்டுக்கல், அதுவும் உடைந்தது. தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்குத் தாகமாக இருக்கிறது, போகலாம் என்று நான் அழுதேன். 1934-இல் அணை நிரம்பியபோது அவர் சின்னப் பையன். எழுபது வருஷம் கழித்து எதை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார் என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். அழாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

இதை எழுதும்போது எனக்கு நம் திண்ணையில் வந்து உட்கார வேண்டும் போல இருக்கிறது. நீ துணி மடித்துக்கொண்டு இருக்க வேண்டும், ஆயா வெற்றிலை இடிக்க வேண்டும், யாரும் எதுவும் பேச வேண்டாம். இங்கே வீட்டில் ஐந்து பேர் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். சரி, விடு. இன்றைக்கு நல்ல நாள்தான். பெரியவர் இரண்டு மீன் பிடித்தார், மீசை வைத்த மீன், நம் கெளுத்தி ஜாதி. கரையில் அடுப்பு வைத்து வெறும் உப்பு மட்டும் போட்டுச் சுட்டார். நான் அவர் கொடுத்த எலுமிச்சம்பழத்திலேயே சாதம் கிளறிக் கொண்டுபோயிருந்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், கடலையை மட்டும் தனியாகப் பொறுக்கிக் கடைசியில் தின்றார். மீனுக்கு மிளகாய்த்தூள் இல்லையே என்று இருந்தது, மேட்டூர் அணைப் பக்கத்து வறுவல் வாசனை மூக்கிலேயே நின்றது.

இப்போது முக்கியமான விஷயம். இதை அப்பாவே படிக்கட்டும்.

அப்பா, மேட்டுக்காட்டை விற்க வேண்டாம். மேச்சேரி மாமா புரோக்கரைக் கூட்டிவந்ததாகவும், நல்ல விலை என்று சொல்வதாகவும், என் படிப்புக் கடனையும் அடைத்து அக்கா நகையையும் மீட்டுவிடலாம் என்று நீங்கள் யோசிப்பதாகவும் அம்மா எழுதியிருக்கிறாள். மாமா நல்ல மனசோடுதான் சொல்கிறார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை ஏக்கர், அணைத் தண்ணீருக்குள் போன நிலத்துக்குப் பதிலாகத் தாத்தாவின் அப்பா கல் பொறுக்கிச் சீர் செய்த காடு. அது என் கடனுக்காகப் போகக் கூடாது. கடன் என்னுடையது, நானே அடைக்கிறேன். இந்த மாசம் பழம் வரத்து குறைவு, வேலை நாலு நாள்தான், அதனால் பாதிதான் அனுப்ப முடிந்தது. ஜூலையில் பரங்கிக்காய் சேர்ந்து வரும், அப்போது சேர்த்து அனுப்புகிறேன். பேங்கில் போய், இரண்டு மாசம் தவணையைத் தள்ளி வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் நேரில் கேளுங்கள். அக்காவிடம் நானே பேசுகிறேன். நகை விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்கிறார்களா என்று மட்டும் அம்மா எனக்கு மறைக்காமல் எழுதட்டும்.

உங்கள் கண் ஆபரேஷனையும் காசுக்காகத் தள்ளிப் போட வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் இரண்டாவது தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருக்கிறது. சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள், சித்தப்பாவைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள், தனியாக பஸ் ஏறாதீர்கள்.

அம்மா, பட்டாவும் பழைய பத்திரமும் யார் கேட்டாலும் கொடுக்காதே, நகல் எடுக்க என்றாலும் சரி. தாத்தாவின் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும், சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். ஆயாவின் காது மிஷினுக்கு பேட்டரி தீர்ந்திருக்கும், கடைக்காரச் சித்தப்பாவிடம் சொன்னால் சேலத்தில் இருந்து வாங்கிவருவார். கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் நின்றதா? ஆடிப் பதினெட்டுக்கு அக்காவைக் கூப்பிட மறக்காதே, சேலை எடுக்க நான் தனியாகப் பணம் அனுப்புகிறேன், அதைக் கடன் கணக்கில் சேர்த்துவிடாதே.

வெள்ளிக்கிழமை டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்தார்களா? பதில் எழுதும்போது அணையில் எத்தனை அடி என்று பார்த்து எழுது. பெரியவர் இறங்கும்போது கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபிரிட்ஜில் தன் வரிசைக்குப் பக்கத்தில் மேட்டூருக்கு என்று ஒரு கோடு போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் கண்ணு